காரைக்குடிப் பக்கம் இளம் ஆப்பிள் மரங்களைக் கவாத்து செய்து வடிவமைப்பது எப்படி?

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பள்ளத்தூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டை அடுத்த காலி இடத்தில் அன்னா, டார்செட் கோல்டன், எச்.ஆர்.எம்.என். 99 என வகைக்கு ஒன்றாக மூன்று ஆப்பிள் ஒட்டுக் கன்றுகளை வளர்த்து வருகிறேன். நட்ட பிறகு இரண்டாவது ஐப்பசி மழையும் கடந்துவிட்டது. செம்மண் நிலம். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. தொழுவுரத்தோடு வேப்பம்பிண்ணாக்கும் கலந்து வைப்பதால் கரையான் தொல்லையும் இதுவரை இல்லை. மரங்களின் வளர்ச்சியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவற்றின் உருவம்தான் கவலை தருகிறது.

அன்னா என் தலைக்கு மேல் உயர்ந்துவிட்டது. ஆனால் ஒற்றைக் குச்சியாகவே நிற்கிறது. நுனியில் மட்டும் இலைக்கொத்து இருக்கிறது, நடுத்தண்டில் கணுக்கள் தெரிந்தும் ஒன்றுகூடத் துளிர்க்கவில்லை. டார்செட் கோல்டனில் இடுப்பளவு உயரத்தில் இரண்டு கிளைகள் பிரிந்து, ஒன்றோடொன்று ஒட்டியபடி ஒரே பருமனில் செங்குத்தாக மேலே போகின்றன. மூன்றாவது மரத்தில் ஒட்டுக்கட்டிய இடத்துக்குக் கீழிருந்து போத்துகள் ஓயாமல் கிளம்புகின்றன.

குளிர்காலத்தில் இலைகள் உதிர்ந்து மரம் உறங்கும்போது கவாத்து செய்ய வேண்டும் என்றுதான் எங்கே படித்தாலும் எழுதியிருக்கிறது. எங்கள் மரங்களோ மார்கழியிலும் பச்சையாகவே நிற்கின்றன. உறங்காத மரத்தை எப்போது வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது, நடுத்தண்டை விட்டு வளர்ப்பதா, கிண்ணம்போல நடுவைத் திறந்து விடுவதா என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

செம்மண் தோட்டம், தேவகோட்டை எழுதியது:

ஆச்சி, வணக்கம். உங்கள் மூன்று மரங்களுக்கும் மூன்று வெவ்வேறு சிக்கல்கள் இருப்பதுபோலத் தோன்றினாலும், முதல் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். அதைப் புரிந்துகொண்டால் கத்தரியை எங்கே எடுப்பது, எங்கே எடுக்காமல் இருப்பது என்பது தெளிவாகும்.

எந்த மரத்திலும் வளரும் நுனியில் ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருள் உண்டாகித் தண்டு வழியாகக் கீழே இறங்குகிறது. அது இறங்கும் வழியிலுள்ள கணுமொட்டுகள் அடங்கியே இருக்கும். குளிர்நாட்டில் ஆப்பிள் மரம் இலையுதிர்த்து, போதுமான குளிரை வாங்கிக்கொண்ட பிறகு, வசந்தத்தில் நுனி மொட்டும் பக்க மொட்டுகளும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் விழிக்கின்றன. அதனால் நுனியின் ஆதிக்கம் குறைந்து பக்கக் கிளைகள் தாமாகவே வருகின்றன. குளிர் போதாத இடத்தில் நுனி மொட்டு மட்டும் முந்திக்கொண்டு வளர, கீழுள்ளவை உறங்கியே கிடக்கின்றன. உங்கள் அன்னாவில் இருக்கும் வெற்றுத் தண்டு இப்படி உண்டானதுதான். உரக் குறைவோ நோயோ காரணமில்லை.

குளிரை அளக்க 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே வெப்பநிலை நிற்கும் மணிநேரங்களைக் கூட்டுவது பழைய வழக்கம். சிம்லாப் பக்கத்து ஆப்பிள்கள் பலவற்றுக்கு 1,000 மணிநேரத்தை ஒட்டிய குளிர் வேண்டும். இஸ்ரேலில் உருவாக்கப்பட்ட அன்னாவும் பஹாமாஸ் தீவில் கண்டெடுக்கப்பட்ட டார்செட் கோல்டனும் 200, 300 மணிநேரத்தில் நிறைவடைபவை என்பதால்தான் சமவெளிக்கு ஏற்றவை என்று விற்கப்படுகின்றன. நம் ஊரில் தை மாதத்து விடியற்காலையிலும் அந்தக் குளிர் ஒரு மணிநேரம்கூடக் கிடைப்பதில்லை. ஆகவே இங்கே மரத்துக்குக் கிடைக்காத குளிரின் வேலையில் ஒரு பகுதியை நம் கைகள் செய்ய வேண்டியிருக்கிறது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் முடிவு, செட்டிநாட்டில் இளம் ஆப்பிள் மரத்தைக் குறைவாக வெட்டி, அதிகமாக வளைக்க வேண்டும் என்பதாகும். உறங்கும் மரத்தின் சேமிப்பு வேரிலும் தண்டிலும் இறங்கியிருப்பதால் அங்கே கிளையை வெட்டினாலும் இழப்பு குறைவு. விழித்திருக்கும் மரத்தில் நாம் வெட்டும் ஒவ்வொரு கிளையோடும் உணவு சமைத்துக்கொண்டிருக்கும் இலைகள் போகின்றன. அது மட்டுமன்றி, இளம் மரத்தைக் கடுமையாக வெட்டினால் அது காய்ப்பைத் தள்ளிப்போட்டுவிட்டு, இழந்த கிளைகளை ஈடுசெய்ய வேகமான செங்குத்துப் போத்துகளை எழுப்பும். எந்த ஆண்டிலும் மொத்தக் கிளையில் கால் பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்.

எப்போது என்ற கேள்விக்கு என் விடை தை மாதம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெட்டுக்காயம் ஈரமாகவே இருந்து பூசணம் ஏறும். பங்குனிக்குப் பிறகு வெட்டினால் அதுவரை நிழலில் இருந்த பட்டை திடீரென வெயிலுக்கு வந்து வெந்து வெடிக்கும். மழை ஓய்ந்து, காற்று உலர்ந்து, வெயில் இன்னும் ஏறாத தைதான் நமக்கு வாய்த்த இடைவெளி. அப்போது வெட்டினால் புதுத் துளிர் முற்றிக் கோடைக்கு முன் தண்டை ஓரளவு மூடிக்கொள்ளவும் அவகாசம் இருக்கும்.

அன்னாவைத் தரையிலிருந்து 75 முதல் 90 சென்டிமீட்டர் உயரத்தில், நல்ல கணுமொட்டு ஒன்றுக்குச் சற்று மேலே, மொட்டுக்கு எதிர்ப்புறம் சரியும்படி வெட்டிவிடுங்கள். ஒற்றைக் குச்சியை இப்படிக் குறைப்பதற்கு மட்டும் மேலே சொன்ன கால் பங்குக் கணக்கு பொருந்தாது. தலைக்கு மேல் வளர்ந்த மரத்தை இடுப்புக்குக் குறைக்க மனம் வராது என்பது எனக்குத் தெரியும். ஆனால் கிளையே இல்லாத அந்த நீளத்தால் மரத்துக்குப் பயன் ஏதும் இல்லை. வெட்டிய பிறகு மேலுள்ள மூன்று நான்கு மொட்டுகள் விழிக்கும். உச்சியில் உள்ளதை நடுத்தண்டாக விட்டுவிட்டு, மற்றவை ஒரு சாண் நீளம் வரும்போதே அவற்றுக்கும் தண்டுக்கும் இடையில் துணி மாட்டும் கிளிப் ஒன்றைச் செருகி, கிளை பக்கவாட்டில் விரியும்படி செய்யுங்கள். தண்டு மென்மையாக இருக்கும் அந்தப் பருவத்தில் இது விரலால் முடிகிற வேலை. விட்டுவிட்டால் பிறகு கயிறும் முளைக்குச்சியும் தேவைப்படும்.

இன்னும் கீழே, நீங்கள் விரும்பும் இடத்தில் கிளை வேண்டுமானால், அந்தக் கணுமொட்டுக்கு அரை சென்டிமீட்டர் மேலே, தண்டின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும், பட்டையைத் தாண்டி உட்கட்டையைத் தொடும்படி கூரான கத்தியால் குறுக்கே கீறுங்கள். மேலிருந்து வரும் ஆக்சின் அந்த இடத்தில் தடைப்படுவதால் மொட்டு விழிக்கும். தண்டைச் சுற்றி வரக் கீறிவிடக் கூடாது.

முதல் அடுக்குக் கிளைகள் தரையிலிருந்து 50, 60 சென்டிமீட்டருக்கு மேல் தொடங்க வேண்டும். மூன்று அல்லது நான்கு போதும். அவை ஒரே இடத்திலிருந்து கிளம்பாமல் ஒன்றுக்கொன்று ஒரு கை அகலமாவது மேலும் கீழுமாக இருந்து, திசைக்கு ஒன்றாகப் பரவ வேண்டும். இந்த அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் முழங்கை அளவு இடைவெளி விடுங்கள். மேலடுக்கு எப்போதும் கீழடுக்கைவிடக் குட்டையாக இருந்தால்தான் கீழே வெளிச்சம் இறங்கும்.

மூன்றாவது மரத்தின் போத்துகள் ஒட்டுக்குக் கீழிருந்து வருவதால் அவை வேர்ச்செடியின் கிளைகள். அவற்றில் நீங்கள் விரும்பிய பழம் வராது. மண்ணை விலக்கி, அவை இளசாக இருக்கும்போதே அடியோடு கையால் பறித்துவிடுங்கள். கத்தரியால் மேலே நறுக்கினால் அடியில் எஞ்சிய கணுக்களிலிருந்து இரட்டிப்பாக வரும். ஒட்டுக்கட்டிய இடம் மண்ணுக்கு மேலே தெரிகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொய்யாத் தோப்பு, கல்லல் எழுதியது:

தேவகோட்டை ஐயா சொன்ன வளைக்கும் முறைக்கு நானும் சாட்சி. ஆப்பிள் என்னிடம் இல்லை, கொய்யாதான். நிமிர்ந்த கிளைகளைக் கயிறு கட்டித் தாழ்த்தினால், அதுவரை அடங்கியிருந்த கணுக்களிலிருந்து வரிசையாகத் துளிர் வந்து, அந்தத் துளிர்களிலேயே பூ பிடிப்பதை எங்கள் தோப்பில் எந்தப் பருவத்திலும் காணலாம்.

ஆச்சிக்குக் கயிறு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மெல்லிய நைலான் கயிறு பட்டையை அறுத்துவிடும். தென்னை நார்க்கயிறோ பழைய பருத்திச் சேலைக் கிழிசலோ நல்லது. கிளையைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போடாமல், இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வான வளையமாக மாட்டி, மறுமுனையைத் தரையில் அடித்த முளைக்குச்சியில் கட்டுங்கள். கிளையின் நடுவில் கட்டினால் அது வில்லாக வளையும். அடிப்பக்கத்திலிருந்தே சாய வேண்டும் என்பதால் கட்டும் இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். தண்ணீர் பாய்ச்சிய மறுநாள் கிளைகள் இளகி இருக்கும், உடையாது.

வடிவத்தில் எனக்கு வேறு கருத்து உண்டு. ஆப்பிளுக்கும் நடுத்தண்டை வெட்டிவிட்டு, நான்கு கிளைகளைக் கிண்ணம்போலச் சுற்றிலும் விரித்தால் நடுவே வெளிச்சமும் காற்றும் நன்றாகப் போகுமே. பறிப்பதும் கையெட்டும் உயரத்தில் முடியும். கொய்யாவை நாங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறோம். தேவகோட்டை ஐயா நடுத்தண்டை வற்புறுத்துவதற்குத் தனிக் காரணம் இருக்கிறதா என்று அறிய விரும்புகிறேன்.

கொடைக்கானல்வாசி, சொந்த ஊர் கானாடுகாத்தான் எழுதியது:

கல்லல் அண்ணன் கேட்டதற்கு என் அனுபவத்திலிருந்து விடை சொல்கிறேன். கிண்ண வடிவம் குளிர்ப் பகுதிகளில் நெடுங்காலமாகக் கையாளப்படுவதுதான். கொடைக்கானலில் இருக்கும் எங்கள் மரங்களில் சிலவற்றையும் அப்படித்தான் வைத்திருக்கிறோம். இங்கே வெயில் இதமானது. நடு திறந்திருப்பது பூசணத்தைத் தடுக்கிறது. செட்டிநாட்டுச் சித்திரை வெயில் வேறு. திறந்த கிண்ணத்தில் கிளைகளின் மேற்புறப் பட்டை நண்பகல் வெயிலை நேராக வாங்கும். ஆப்பிள் பட்டை இளமையில் மெல்லியது. கொய்யா தாங்குகிற வெயிலை அது தாங்காது. மேற்புறம் வெந்து காய்ந்து உரிந்த இடத்தில் துளைப்பான் பூச்சிகள் புகும். நடுத்தண்டு முறையில் மேலடுக்கின் இலைகள் கீழடுக்குக்கு நிழல் தருவதால் ஆச்சிக்கு அதுவே பொருத்தம்.

இதே காரணத்துக்காகத் தண்டில் ஆங்காங்கே முளைக்கும் சிறு இலைத் துளிர்களை முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குத் துப்புரவாக வழித்துவிட வேண்டாம். அவை நீண்டால் நுனியைக் கிள்ளினால் போதும். தண்டுக்கு நிழலாகவும் தண்டு பருக்க உணவாகவும் இருக்கும். மேற்குப் பக்கத்தில் ஒரு கிளை கட்டாயம் இருக்கும்படி அடுக்கை அமையுங்கள். நீர்த்த சுண்ணாம்பை நீர்க்கக் கரைத்து, தரையிலிருந்து முதல் கிளை வரை தண்டுக்குப் பூசுவது பங்குனிக்கு முன் முடிந்திருக்க வேண்டும். வெள்ளையடித்த உயரமான சுவருக்கு எதிரே மேற்கு வெயில் படும்படி மரம் இருந்தால், சுவரிலிருந்து திரும்பும் சூடும் சேர்ந்துகொள்ளும் என்பதை நம் ஊர் வீடுகளில் மறந்துவிடக் கூடாது. அத்தகைய இடத்தில் கோடை முடியும் வரை ஒரு கீற்றுத் தட்டி வைத்துவிடுங்கள்.

எச்.ஆர்.எம்.என். 99 பற்றி ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. இமாச்சலத்தின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் அரிமன் சர்மா என்ற விவசாயி தேர்ந்தெடுத்து வளர்த்த வகை இது. அவருக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பிலாஸ்பூர் தாழ்ந்த, கோடையில் கடும் வெப்பம் கொண்ட பகுதி என்பதால், எங்கும் காய்க்கும் என்று கன்று விற்பவர்கள் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அந்த ஊரின் குளிர்கால இரவுகள் காரைக்குடியின் இரவுகளைவிட மிகவும் குளிர்ந்தவை. வெப்பத்தைத் தாங்குவது வேறு, குளிரே இல்லாமல் பூப்பது வேறு. கன்று வாங்குபவர்களிடம் இந்த வேறுபாட்டை யாரும் எடுத்துச் சொல்லாததை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அதற்காக நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில் மலாங்கை அடுத்த பத்து என்னும் மலைப்பகுதி நிலநடுக்கோட்டுக்கு அருகே இருந்தும் ஆப்பிளுக்குப் பெயர் பெற்றது. அங்கே அறுவடை முடிந்த சில வாரங்களில் மரத்தின் இலைகளையெல்லாம் கையால் உருவிவிடுகிறார்கள். முற்றிய இலைகள் மொட்டுகளை அடக்கிவைக்கின்றன. மொட்டு ஆழ்ந்த உறக்கத்துக்குப் போவதற்கு முன்பே அந்த இலைகள் நீங்கிவிட்டால், குளிரைக் கேட்காமலே அது விழித்துவிடுகிறது. கிளைகளைக் கட்டித் தாழ்த்துவதையும் அவர்கள் கூடவே செய்கிறார்கள். இப்படி ஆண்டுக்கு இரண்டு முறைகூட அறுவடை எடுக்கிறார்கள். அந்தப் பகுதி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே இரவுகள் இதமானவை. நம் ஊரின் உயரம் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே அவர்களுடைய விளைச்சலை எதிர்பார்க்காமல் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

அன்னாவும் டார்செட் கோல்டனும் ஒன்றுக்கொன்று மகரந்தம் கொடுப்பவை என்பதால் இரண்டையும் வைத்தது நல்ல தேர்வு. இரண்டும் ஒரே சமயத்தில் பூக்க வேண்டுமானால் இரண்டிலும் இலை உருவுவதை ஒரே நாளில் செய்ய வேண்டும். ஆனால் அது மரம் உருவம் பெற்ற பிறகு. இப்போது பூ வந்து பிஞ்சு பிடித்தாலும், குறிப்பாக நடுத்தண்டின் நுனியில், கிள்ளிவிடுங்கள்; பிஞ்சின் பாரம் நுனியைச் சாய்த்துவிட்டால் அந்த மரத்துக்கு மறுபடி நடுத்தண்டு தேட வேண்டியிருக்கும்.

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

மூவருக்கும் மிகுந்த நன்றி. அன்னாவுக்கும் மூன்றாவது மரத்துக்கும் என்ன செய்ய வேண்டும் என்பது இப்போது தெளிவாகிவிட்டது. அன்னா நிற்பது சுவருக்கு எதிரேதான். கீற்றுத் தட்டிக்குச் சொல்லிவிட்டேன்.

டார்செட் கோல்டன் பற்றித்தான் இன்னும் தயக்கம். இரட்டைத் தண்டுகளும் கட்டைவிரல் பருமனுக்கு மேல் இருக்கின்றன. இரண்டும் சேரும் கவட்டையில் பட்டை உள்ளே மடிந்து ஒரு கோடு போலத் தெரிகிறது. ஒன்றை வெட்டினால் மரத்தில் பாதி போய்விடும். வெட்டாவிட்டால் காற்றில் பிளந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இரண்டையும் எதிரெதிரே வளைத்துக் காப்பாற்ற முடியாதா? வெட்டினால் அந்தக் காயத்துக்கு என்ன பூசுவது? தேவகோட்டை ஐயா சொல்ல வேண்டும்.

செம்மண் தோட்டம், தேவகோட்டை எழுதியது:

ஆச்சி, நீங்கள் பார்த்த அந்தக் கோடுதான் முக்கியம். நல்ல கவட்டையில் இரண்டு கிளைகளின் கட்டையும் பின்னிப்பிணைந்து, மேலே பட்டை ஒரு மேடாகத் தள்ளப்பட்டிருக்கும். கோணம் மிகக் குறுகலாக இருந்தால் இரண்டுக்கும் நடுவே பட்டை சிக்கிக்கொள்ளும். கட்டையோடு கட்டை சேராது. கிளைகள் பருக்கப் பருக்க ஒன்றையொன்று நெருக்கித் தள்ளி, காய் பாரத்திலோ ஆடிக் காற்றிலோ தண்டோடு கிழிந்து இறங்கும். அந்த நிலையில் எதிரெதிரே வளைக்க முயன்றால் இப்போதே கிழியும். ஆகவே ஒன்று போகத்தான் வேண்டும். நேராக இருப்பதை வையுங்கள். இரண்டும் நேராக இருந்தால், மேற்குப் பக்கத்தில் இலை அதிகமுள்ளது நிற்கட்டும்.

பாதி மரம் ஒரே நாளில் போவது நம் வெயிலுக்கு நல்லதல்ல என்று நீங்கள் தயங்குவது சரியே. இந்தத் தையில் போக வேண்டிய தண்டை அதன் நீளத்தில் பாதிக்குக் குறையுங்கள். குறைந்ததும் அது பின்தங்கும். நிற்கும் தண்டு பருத்து, தனக்குப் பக்கக் கிளைகள் விடும். குறைத்த தண்டிலிருந்து செங்குத்தாக எழும் துளிர்களை இளசிலேயே கிள்ளி அடக்குங்கள். அடுத்த தையில் அதை அடியோடு எடுத்துவிடலாம். அப்போது கத்தரியை விட்டுவிட்டுச் சிறு ரம்பத்தைப் பயன்படுத்துங்கள். கவட்டையின் உட்புறத்திலிருந்து வெளிநோக்கிச் சாய்வாக அறுத்து, நிற்கும் தண்டின் பட்டையைத் தொடாமல், அதே சமயம் குச்சி நீட்டிக்கொண்டிருக்காமல் முடிக்க வேண்டும். சாதாரணப் பக்கக் கிளையை எடுக்கும்போது அதன் அடியில் வளையம்போலத் தடித்திருக்கும் பகுதியை விட்டு அதற்கு வெளியே வெட்டுங்கள். காயத்தை மூடும் புதுப் பட்டை அந்த வளையத்திலிருந்துதான் உருண்டு வருகிறது. தண்டோடு மட்டமாக வெட்டினால் அது அழிந்துபோகும்.

பென்சில் பருமனுக்குக் குறைவான காயங்களுக்கு எதுவும் பூச வேண்டாம். உலர்ந்த தைக் காற்றே போதும். பெரிய காயத்துக்கு போர்டோ பசை பூசலாம். மயில் துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம், நீற்றாத சுண்ணாம்பு 100 கிராம் எடுத்து, இரண்டையும் தனித்தனியே அரை லிட்டர் நீரில் கரைத்து, சுண்ணாம்பு ஆறிய பிறகு ஒன்றாகக் கலக்க வேண்டும். மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தில் கலக்குங்கள்; இரும்பு வாளியில் கலந்தால் தாமிரம் இரும்பில் படிந்து மருந்து வீணாகும். அன்றன்றே கலந்து அன்றன்றே பூசிவிட வேண்டும். தாரும் பெயிண்டும் பூசுவது நம் பக்கம் வழக்கமாக இருக்கிறது. அவை ஈரத்தை உள்ளே அடைத்து அழுகலுக்கு இடம் தரும் என்பதால் தவிர்த்துவிடுங்கள்.

கொடைக்கானல் தம்பி சொன்ன இலை உருவுதலை இந்த ஆண்டு மரம் முழுவதற்கும் செய்ய வேண்டாம். டார்செட்டில் நிற்கப்போகும் தண்டில் எங்கே பக்கக் கிளை வேண்டுமோ அந்தக் கணுக்களில் மட்டும், இலையின் காம்பை விட்டுவிட்டு இலைப்பரப்பைக் கத்தரியால் நறுக்குங்கள். காம்பு சில நாளில் தானாக உதிரும், மொட்டு காயப்படாது. அதற்கு மேலே நான் முன்பு சொன்ன கீறலையும் சேர்த்துப் போட்டால் துளிர்ப்பதற்கு வாய்ப்பு அதிகம். வெட்டிய அன்று மாலையே தண்ணீர் பாய்ச்சி, தண்டைத் தொடாமல் சுற்றிலும் சருகு மூடாக்குப் போடுங்கள்.

கட்டிய கயிறுகளை மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். கயிற்றைத் தளர்த்தினாலும் கிளை அதே சாய்வில் நின்றால் அவிழ்த்துவிடலாம், நிமிர்ந்தால் வேறு இடத்தில் மாற்றிக் கட்டுங்கள். செங்குத்திலிருந்து 60 டிகிரி அளவு சாய்ந்தால் போதும். கிடைமட்டத்துக்குக் கீழே தாழ்த்திவிட்டால் நுனி வளர்ச்சி நின்று, வளைவின் முதுகிலிருந்து நீர்ப்போத்துகள் கிளம்பும். பிறகு அவற்றை வெட்டுவதே வேலையாகிவிடும்.